கேள்வி: ஆளுங்கட்சிக்கு எதிரான செய்தி ஓடும்போது மட்டும் கேபிளில் சில சேனல்கள் தெரியாமல் போவது ஏன்? கேபிள்காரர்கள் காசு வாங்கிக்கொண்டு கட் செய்கிறார்களா?

நான் கேபிள்காரன். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஊர். தொண்ணூறுகளின் கடைசியில் மாமாவோடு சேர்ந்து இந்தத் தொழிலில் இறங்கினேன், இன்றைக்கும் இதுதான் சோறு. கேள்வியின் முதல் பாதிக்கு இங்கே நிறையப் பேர் பதில் சொல்லியிருக்கிறார்கள். 'காசு வாங்கிக்கொண்டு' என்ற அந்த இரண்டாவது பாதிக்காகத்தான் நான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீங்கள் அநேகமாக வெளியூரில் வேலை பார்ப்பவராக இருப்பீர்கள். ஊரிலிருந்து அப்பாவோ அம்மாவோ போன் செய்து, "நியூஸ் சேனல் ரெண்டு நாளா வரலப்பா, கேபிள்காரன்கிட்ட கேட்டா மேல இருந்தே வரலங்கிறான்" என்று சொல்லியிருப்பார்கள். அதே நேரம் ட்விட்டரில் யாரோ 'சேனலை முடக்கிய அரசு' என்று போட்டிருப்பார்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டு, நடுவில் நிற்கிற ஆபரேட்டரைப் பிடித்துவிட்டீர்கள். அந்த 'மேல இருந்தே வரல' என்பது பத்துக்கு ஒன்பது தடவை உண்மை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பழைய காலம். செட்டாப் பாக்ஸ் வராத அனலாக் காலத்தில் சேனலை நிறுத்துகிற சுவிட்ச் நிஜமாகவே எங்கள் கையில்தான் இருந்தது. இதை நான் மறைக்கவில்லை. எங்கள் கண்ட்ரோல் ரூம் ஒரு அரிசி மில்லுக்கு மாடியில். மொட்டைமாடியில் டிஷ், உள்ளே இரும்பு ரேக். ரேக்கில் வரிசையாக ரிசீவர், அதன் கீழே மாடுலேட்டர். சேனலுக்கு ஒரு மாடுலேட்டர். ஒவ்வொன்றின் நெற்றியிலும் மாமா கையெழுத்தில் சேனல் பெயர் ஒட்டியிருக்கும், பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு. எல்லாம் கம்பைனரில் சேர்ந்து ஒரே ஒயராகத் தெருவுக்குப் போகும். ஒரு மாடுலேட்டரை அணைத்தால் ஊர் முழுக்க அந்த ஒரு சேனல் மட்டும் புள்ளி புள்ளியாகிவிடும். மற்றதெல்லாம் ஓடும்.

ஒரு உள்ளாட்சித் தேர்தல் சமயம். எங்கள் பக்கத்து ஏரியில் மண் அள்ளுவதைப் பற்றி ஒரு சேனலில் மத்தியானச் செய்தியில் காட்டிவிட்டார்கள். லாரி நம்பர்கூடத் தெரிந்தது. ராத்திரி எட்டு மணிச் செய்தியில் மறுபடியும் போடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஏழு மணி வாக்கில் நாலைந்து பேர் மாடியேறி வந்தார்கள். எந்தக் கட்சி என்று எழுதப்போவதில்லை, இரண்டு பக்கமும் என் கஸ்டமர்கள்தான். வந்தவர்களில் பெரியவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"தம்பி, அந்த ஒண்ண மட்டும் ஒரு அரை மணி நேரம் அமத்திடு. கரண்டு கோளாறுன்னு சொல்லிக்க. யாருக்குத் தெரியப்போவுது?"

சொல்லிக்கொண்டே ஒரு கவரை ரிசீவர் மேல் வைத்தார். மாமா அதைத் தொடவே இல்லை. மேசை டிராயரிலிருந்து ஒரு ஜெராக்ஸ் கட்டை எடுத்தார். 1995ஆம் வருஷத்துக் கேபிள் சட்டம், ஆபரேட்டர் சங்கத்தில் கொடுத்தது. அதில் 19ஆம் பிரிவை விரல் வைத்துக் காட்டினார். ஒரு சேனலையோ நிகழ்ச்சியையோ நிறுத்தச் சொல்லி உத்தரவு போட அதிகாரம் பெற்ற அதிகாரிகள் இருக்கிறார்கள்: கலெக்டர், கோட்டாட்சியர் (ஆர்டிஓ), மாநகரமாக இருந்தால் போலீஸ் கமிஷனர். அதுவும் சும்மா இல்லை. நிகழ்ச்சி விதிகளை மீறியிருக்க வேண்டும், அல்லது மதம், சாதி, மொழி என்று மக்களுக்குள் பகையை மூட்டக்கூடியதாக, பொது அமைதியைக் கெடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

"ஆர்டிஓகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்கண்ணே, அடுத்த நிமிஷம் அமத்துறேன். வாய்ல சொன்னா முடியாது. நாளைக்கு இதே மாதிரி அவங்க வந்து ஒங்க சேனல அமத்தச் சொன்னா நான் என்ன பண்றது?"

கவரை அவர்களே எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். எட்டு மணிச் செய்தி ஓடியது. ஆனால் மேலத்தெருவில் ஓடவில்லை. பிள்ளையார் கோயிலுக்கு எதிர்க் கம்பத்தில் இருந்த ஆம்ப்ளிஃபையருக்கு உள்ளே போகிற ஒயரை யாரோ அறுத்திருந்தார்கள். ஒரு சேனலை மட்டும் எடுக்க வழியில்லாமல் தெருவுக்கே மொத்தமாக வெட்டிவிட்டார்கள். நான் காலையில் ஏணி போட்டு ஏறி, அறுந்த முனையைச் சீவி, கனெக்டர் முறுக்கிக்கொண்டிருக்கிறேன். கீழே நின்று என்னைக் கேட்டவர் எனக்கு எட்டாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார். "எவ்வளவுடா வாங்குன?"

மாமா இறந்து பல வருஷமாகிவிட்டது. அந்தக் கேள்வி மட்டும் ஊரில் சாகவில்லை, இப்போது இந்தத் தளத்துக்கும் வந்துவிட்டது.

எல்லா ஆபரேட்டரும் என் மாமா மாதிரிதான் என்று நான் சொல்ல வரவில்லை. 'எங்கள் ஊர்க் கேபிள்காரரே கட்சிக்காரர்தான்' என்று கமெண்டில் வருவீர்கள் என்று தெரியும். இருக்கலாம். கட்சிக்காரர்கள் தொழிலுக்கு வந்தது உண்மை, தொழில் செய்தவர்களைக் கட்சிக்காரர்கள் விழுங்கியதும் உண்மை. ஆனால் அந்தக் காலத்திலும் ஆயிரக்கணக்கான சின்ன ஆட்கள் இரண்டு பக்கத்து மிரட்டலுக்கும் நடுவில் சேனலை ஓட்டினோம். 2001 ஜூன் 30 விடியற்காலையில் கலைஞரைக் கைது செய்தபோது சன் டிவி அந்தக் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் போட்டது. ஜெயா டிவி போலீஸ் தரப்புக் காட்சிகளைப் போட்டது. நடந்தது ஒரே கைது, வெளியே வந்தது இரண்டு வீடியோ. எங்கள் தெருவில் எந்த வீட்டில் எது ஓடுகிறது என்பதை வைத்தே ஓட்டை எண்ணிவிடலாம். ஆனால் இரண்டுமே எங்கள் ஒயரில் ஓடின. எதைப் பார்ப்பது என்பதை ரிமோட் வைத்திருந்தவர் முடிவு செய்தார். அதற்கு மேல் கேபிள்காரனிடம் என்ன நேர்மையை எதிர்பார்க்கிறீர்கள்?

இப்போதைய கதை வேறு. டிஜிட்டல் வந்த பிறகு எங்கள் ரேக், மாடுலேட்டர் எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டன. எம்எஸ்ஓ என்கிற பெரிய நிறுவனத்தின் ஹெட்எண்ட் என்கிற தலைமைக் கண்ட்ரோல் ரூமில் எல்லாச் சேனலையும் ஒன்றாகக் கட்டி, பூட்டுப் போட்டு, ஃபைபரில் அனுப்புகிறார்கள். என் நோடுக்கு, அதாவது ஃபைபர் வந்து சேருகிற என் பெட்டிக்கு, வருவது அந்த மொத்தக் கட்டு. அதற்குள்ளிருந்து ஒரு சேனலை மட்டும் உருவி எடுக்க என்னிடம் கருவி இல்லை. ஒரு குறிப்பிட்ட வீட்டுப் பெட்டிக்கு ஒரு பேக்கை நிறுத்தலாம், பணம் கட்டாவிட்டால் பெட்டியையே நிறுத்தலாம், அதற்கு லாகின் இருக்கிறது. ஊருக்கே ஒரு செய்திச் சேனலை மறைப்பது நான் நினைத்தாலும் நடக்காது. தபால்காரர் பையில் கடிதமே போடாமல் அனுப்பிவிட்டால் அவர் எதைக் கொடுப்பார்?

ஆக, கேட்க வேண்டிய கேள்வி இது: ஹெட்எண்ட் யாருடையது?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு இருக்கிற பதில் மற்ற மாநிலக்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். இங்கே மாநில அரசே ஒரு எம்எஸ்ஓ. சன் குழுமத்தை நடத்துகிற மாறன் குடும்பத்துக்கும், அப்போது முதல்வராக இருந்த கலைஞரின் குடும்பத்துக்கும் 2007இல் பிளவு வந்தது. அந்த மே 9ஆம் தேதி சன் குழுமத்தின் தினகரன் நாளிதழுடைய மதுரை அலுவலகம் தாக்கப்பட்டு மூன்று ஊழியர்கள் செத்தார்கள். ஒரு கருத்துக்கணிப்பு வெளியிட்டதற்காக. ஊடகச் சண்டை என்று நாம் பொழுதுபோக்காகப் பேசுவதில் செத்தது கம்ப்யூட்டரில் வேலை பார்த்த இரண்டு பேரும் ஒரு வாட்ச்மேனும். அதே ஆண்டு செப்டம்பரில் கலைஞர் டிவி வந்தது, அக்டோபரில் அரசு கேபிள் நிறுவனம் பதிவானது. அடுத்த ஆண்டு குடும்பம் சமாதானமானதும் அரசு கேபிள் படுத்துவிட்டது. 2011இல் ஜெயலலிதா வந்து அதைத் தூசு தட்டி, செப்டம்பர் 2ஆம் தேதி மாதம் 70 ரூபாய்க்குத் தொடங்கி வைத்தார். 50 எங்களுக்கு, 20 அரசுக்கு. ஆரம்பத்தில் சன் குழுமத்தின் கட்டணச் சேனல்கள் அதில் இல்லை. தினமும் சீரியல் பார்த்தே பழகிய வீட்டில் போய் "சன் டிவி வராதும்மா" என்று சொன்னது யார்? நான்தான். திட்டு வாங்கியதும் நான்தான்.

மாநில அரசுகளும் அரசியல் கட்சிகளும் ஒளிபரப்பிலோ விநியோகத்திலோ இறங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008இலும் 2012இலும் பரிந்துரை செய்தது. மத்திய அரசு அதை அப்படியே வைத்திருந்துவிட்டு 2017 ஏப்ரலில் அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமமும் கொடுத்தது. யார் ஆட்சியில் இருந்தாலும் அந்த ஹெட்எண்ட் அவர்கள் கையில். எந்த ஆட்சியும் அதை விட்டுக்கொடுக்கவில்லை, விட்டுக்கொடுக்கப்போவதும் இல்லை. தனியார் எம்எஸ்ஓ என்றால் சுத்தமா என்றால் அதுவும் இல்லை. சேனலும் ஒரே முதலாளி, கேபிளும் அதே முதலாளி என்று இருந்த காலத்தில் போட்டிச் சேனல்களைப் பின்னால் தள்ளுகிறார்கள் என்ற புகார் சென்னையில் வருஷக்கணக்கில் ஓடியது. சன், ஜெயா, கலைஞர், மக்கள், கேப்டன், நியூஸ் ஜெ என்று கட்சிக்கு ஒரு சேனல் இருக்கிற ஊர் இது. செய்தி வாசிப்பவரும் கட்சி, விநியோகமும் ஆளுங்கட்சி. இந்தக் கூட்டத்தில் மாதம் சில ஆயிரம் வசூலுக்குத் தெருத்தெருவாக அலைகிறவனைப் பார்த்துத்தான் நீங்கள் 'காசு வாங்கினாயா' என்கிறீர்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். இப்போதெல்லாம் யாரும் சேனலை முழுசாக நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. நம்பரை மாற்றினால் போதும். எங்கள் கஸ்டமர் ஒரு பாட்டி, எழுத்து வாசிக்கத் தெரியாது. அவர் ரிமோட்டில் அவர் பேத்தி பிளாஸ்திரி ஒட்டி நாலு நம்பர் எழுதி வைத்திருக்கிறாள்: சீரியல், பக்தி, பழைய பாட்டு, செய்தி. அந்தச் செய்தி நம்பரைத் தூக்கி வடநாட்டுச் சேனல்களுக்கு நடுவில் போட்டுவிட்டால் அந்தப் பாட்டிக்கு அந்தச் சேனல் செத்த மாதிரிதான். ஆனால் அந்தப் பாட்டியால் வழக்கெல்லாம் போட முடியுமா? 'சேனல் இருக்கிறதே, தேடிப் பாருங்கள்' என்பார்கள். 2018 ஜூனில் கோவையில் புதிய தலைமுறை நடத்திய வட்டமேசை விவாதத்துக்காகச் சேனல் மீதும் இயக்குநர் அமீர் மீதும் வழக்குப் போட்டார்களே, அந்தச் சமயத்தில் அரசு கேபிளில் அந்தச் சேனலின் இடம் மாறியது பெரிய சர்ச்சையானது. என் வீட்டு வாசலுக்கு அன்றைக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பாட்டியும் ரிமோட்டைச் சேலைத் தலைப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். புது பிளாஸ்திரி ஒட்டி நானே நம்பர் எழுதிக் கொடுத்தேன்.

மறைப்பதை நேருக்கு நேர் உத்தரவாகச் செய்தால்கூட ஒரு வகையில் மேல் என்பேன், ஏனென்றால் கோர்ட்டுக்குப் போகலாம். 2022 ஜனவரி 31ஆம் தேதி கேரளத்து மீடியாஒன் சேனலை மத்திய அரசு பாதுகாப்பு அனுமதி இல்லை என்று நிறுத்தியது. காரணத்தை மூடிய உறையில் கொடுத்தார்கள். 2023 ஏப்ரல் 5ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அந்தத் தடையை ரத்து செய்து, அரசை விமர்சித்தால் தேசத்துக்கு விரோதம் ஆகாது என்று சொன்னது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆனாலும் தீர்ப்பு வந்தது. நம்பர் மாற்றத்துக்கும் 'டெக்னிக்கல் பிரச்சினை'க்கும் அந்தப் பாட்டி எந்தக் கோர்ட்டில் போய் நிற்பார்?

பொதுமக்களிடமும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன். செய்தியை மறைப்பதை எதிர்த்து ட்விட்டரில் பொங்குகிறவர்களே அவர்களுக்குப் பிடிக்காததை நிறுத்தச் சொல்லி எனக்குப் போன் போடுவார்கள். 2017 ஜூன் 25ஆம் தேதி பிக் பாஸ் தமிழ் தொடங்கியது. அந்த ஜூலையிலேயே இந்து மக்கள் கட்சிக்காரர்கள் நிகழ்ச்சியைத் தடை செய், கமலைக் கைது செய் என்று சென்னை கமிஷனரிடம் மனுக் கொடுத்தார்கள். அதே மாதம் ஊழலைப் பற்றி கமல் பேசியதற்கு அமைச்சர்கள் அவர் மீது பாய்ந்தார்கள். அவ்வளவுதான், எனக்குப் போன். "நம்ம ஊர்ல மட்டுமாவது அந்தக் கருமத்த நிறுத்துப்பா." கலாசாரம் கெடுகிறதாம். போட்டியாளர் ஓவியா வெளியே போன வாரம் அதே வீடுகளிலிருந்து, "ஏம்பா, நேத்து எபிசோடு மறு ஒளிபரப்பு எத்தனை மணிக்கு?"

எனக்கு அந்த நிகழ்ச்சி பிடித்ததா என்றால், பிடித்தது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் கோஷம் போட்டுப் பேர் வாங்கிய ஜூலி அந்த வீட்டுக்குள் போய் எப்படிப் பேர் கெட்டார் என்பதைப் பார்த்தபோது, ஆறு மாதத்தில் ஒரு மனுஷியைத் தலையில் வைத்து ஆடிவிட்டுக் கீழே போட்டு மிதிக்கிற நம் கூட்டத்தைப் பார்த்துப் பயம் வந்தது. அந்தப் பெண் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவருக்குக் கிடைத்த தண்டனை தப்புக்கு மீறியது. கமல் வார இறுதியில் செய்த விசாரணையில் பாதி நியாயம் இருந்தது, பாதி அடுத்த பிப்ரவரியில் மதுரையில் கட்சி தொடங்குவதற்கான ஒத்திகை. அதுவும் என் கருத்துதான், ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். பிடிக்காதவர் பார்க்காமல் இருக்கலாம். ஊருக்கே நிறுத்து என்று கேட்பவருக்கும், அன்றைக்குக் கவர் கொண்டு வந்தவருக்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

2016 டிசம்பர் 5ஆம் தேதி சாயங்காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். முதல்வர் ஜெயலலிதா இறந்துவிட்டார் என்று சில தமிழ்ச் சேனல்கள் செய்தி போட்டுவிட்டன. கட்சி அலுவலகத்தில் கொடியை அரைக்கம்பத்தில் இறக்கி, பிறகு திரும்ப ஏற்றினார்கள். அப்போலோ மறுத்தது. நள்ளிரவுக்குப் பிறகுதான் இரவு 11.30 மணிக்கு உயிர் பிரிந்ததாக அறிவித்தார்கள். அந்த நாலைந்து மணி நேரமும் என் போன் ஓயவில்லை. "எதுப்பா உண்மை?" என்று என்னைக் கேட்டார்கள். கடையைச் சாத்துவதா, காலேஜிலிருந்து வரவேண்டிய பெண் பஸ் ஏறுவதா இறங்குவதா என்பது அந்த ஒரு வரிச் செய்தியில் தொங்கியது. எல்லாச் சேனலையும் மாற்றி மாற்றிப் பாருங்கள், ஒன்றை மட்டும் நம்பாதீர்கள் என்று சொன்னேன். எல்லாச் சேனலும் ஓடினால்தான் அப்படிச் சொல்லவாவது முடியும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனால் கேபிள்காரன் காசு பார்க்கிறான் என்று நினைப்பவர்கள் இதையும் படிக்க வேண்டும். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் எங்கள் பக்கத்தைப் புரட்டிப் போட்டது. இருந்த கம்பம் எல்லாம் சாய்ந்தது. கம்பத்தோடு என் ஃபைபர், நோடு, ஆம்ப்ளிஃபையர் எல்லாம் தண்ணீரில். விழுந்த தென்னைக்கு, அப்புறப்படுத்துகிற செலவும் சேர்த்து மரத்துக்கு 1,100 ரூபாய் அறிவித்தார்கள். இருபது வருஷம் வளர்த்த மரத்துக்கு அது போதாது, என் அண்ணன் தோப்பும் போனது, அந்த வலி எனக்குத் தெரியும். ஆனால் கணக்கெடுக்க வந்தவரிடம் என் ஒயரைக் காட்டியபோது, "இதுக்கு ஃபாரத்துல எடமே இல்லங்க" என்றார். வாரக்கணக்கில் கரண்ட் இல்லாத வீட்டில் போய் எப்படிச் சந்தா கேட்பது? கேட்கவில்லை. நகையை வைத்து மறுபடி ஒயர் இழுத்து முடிக்கும்போது 2019 பிப்ரவரி 1ஆம் தேதி டிராயின் புதுக் கட்டணம் வந்தது. நூறு சேனலுக்கு 130, ஜிஎஸ்டி சேர்த்து 153 ரூபாய் 40 காசு, கட்டணச் சேனலுக்குத் தனி. அதை வீடுவீடாக விளக்கி, விலையை ஏற்றிவிட்டான் என்று பேர் வாங்கி, போன கஸ்டமர் போனதுதான். பாதிப் பேர் டிஷ் மாட்டிக்கொண்டார்கள், மீதிப் பேர் பிள்ளைகள் போனிலேயே எல்லாம் பார்க்கிறார்கள்.

சரி, உங்கள் வீட்டுச் சேனலுக்கு வருகிறேன். அடுத்த தடவை காணாமல் போனால் முதலில் பழைய நம்பரை விட்டுவிட்டுச் செய்திப் பிரிவு முழுக்கத் தேடச் சொல்லுங்கள், பாதி நேரம் அங்கேதான் எங்கேயாவது இருக்கும். அது கட்டணச் சேனலா இலவசச் சேனலா என்று பாருங்கள். கட்டணச் சேனல் என்றால் பேக்கில் இருக்கிறதா என்பதும் ஒரு காரணம். அடுத்த தெருவில் வேறு எம்எஸ்ஓ பெட்டியிலோ டிடிஎச்சிலோ வருகிறதா என்று கேளுங்கள். அங்கே வந்து உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால் ஹெட்எண்டில் ஏதோ நடந்திருக்கிறது, அப்போது உங்கள் ஆபரேட்டரைத் திட்டாமல் எம்எஸ்ஓவின் கஸ்டமர் கேருக்குப் போட்டுப் புகார் எண் வாங்குங்கள். அந்த எண்ணை எழுதி வையுங்கள். நூறு பேர் புகார் எண் வாங்கினால் அது பதிவு. நூறு பேர் ஆபரேட்டரைத் திட்டினால் எங்கேயும் ஒரு எழுத்து இருக்காது.

எந்த ஊர், எந்தப் பெட்டி, எந்தச் சேனல், என்றைக்கிலிருந்து வரவில்லை என்று கமெண்டில் போடுங்கள். எனக்குத் தெரிந்த எம்எஸ்ஓ என்றால் விசாரித்துச் சொல்கிறேன். வசூலுக்குப் போகிற நேரம் என்பதால் ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் பதில் போட முடியும்.